இன்னும் அரைச்சுற்று

என் அக்காவின் சமையலறையில் கரண்டிகள் தொங்கும் கம்பியில் ஒரு ரெஞ்சும் தொங்கும். புதிதாக வருகிறவர்கள் யாரோ மறதியில் மாட்டிவிட்டதாக நினைப்பார்கள். மறதி இல்லை. எண்ணெய் பாட்டிலின் மூடியைத் திறக்கவும், மிக்ஸி ஜாரைக் கழற்றவும், சில நாட்களில் பாத்திரம் கழுவும் குழாயைத் திருப்பவும் அக்காவுக்கு அது வேண்டும். அந்த வீட்டில் மூடுகிற, திருகுகிற, கட்டுகிற எதையும் கடைசியாகத் தொடுகிறவர் அவளுடைய கணவர்.

அவர் குழாய் வேலை செய்கிறவர். தெருவில் அவருக்கு 'அரைச்சுற்று' என்று பெயர். எந்த நட்டையும் அது போதும் என்கிற வரை முறுக்குவார். அது போதும் என்ற பிறகு, இன்னும் அரைச்சுற்று முறுக்குவார். கைபலம் போதாவிட்டால் ஸ்பேனரின் பிடியில் முழநீள இரும்புப் பைப் ஒன்றைச் செருகிக்கொள்வார். பிடி நீண்டால் பலம் கூடும். அந்தப் பைப் எப்போதும் அவருடைய வண்டியின் இருக்கைக்குப் பின்னால் கிடக்கும்.

அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு காது செம்புக் கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது. திருகாணி அவருடைய கவனிப்பைத் தாங்கவில்லை. பள்ளியில் படித்த காலத்தில் அவருடைய மகள் வகுப்புக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அப்பா கட்டிவிட்ட ஷூ கயிற்றை அவிழ்த்துவிட்டு, காலில் ரத்தம் மறுபடி ஓடும்வரை காத்திருப்பாள். ஒருமுறை வீட்டுக்கு வந்த விருந்தாளி குளியலறையிலிருந்து குழாயின் கைப்பிடியைக் கையில் ஏந்தியபடி வெளியே வந்து மன்னிப்புக் கேட்டார். அவர் ஈரமாகக்கூட இல்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் அவர் போட்ட இணைப்பு ஒன்று கசிந்து யாருடைய வீட்டுச் சுவரோ கெட்டுப்போனது, அதிலிருந்துதான் இப்படி ஆனார் என்று உறவினர்கள் சொல்வார்கள். நான் அவரிடமே கேட்டிருக்கிறேன்.

"அப்படி எதுவும் கசியல மாப்ள. லூசா இருந்தா என்னைக்காவது கழண்டுடும். டைட்டா இருந்தா கழலாது. இதுல கதை என்ன இருக்கு?"

காரணமே இல்லாமல் ஒரு மனிதர் இப்படி இருக்கலாம் என்பதை நாம் ஏற்க விரும்புவதில்லை. காரணம் கிடைத்தால் மன்னிப்பது எளிது. அவர் எனக்கு அந்த வசதியைக் கூடச் செய்து தரவில்லை. அவர் போட்ட இணைப்பு எதுவும் இன்றுவரை கசிந்ததில்லை என்பது உண்மை. அவர் போட்டதைக் கழற்ற வந்தவர்கள் சுவரை உடைக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

இந்த மனிதர் தன் பிக்கப் வண்டியை ஒரு சாண் உயர்த்தியதிலிருந்து எங்கள் தலைவலி தொடங்கியது.

உயர்த்தியதற்குக் காரணம் இருந்தது. அவருடைய மகள் திருமணமாகிப் போயிருக்கும் ஊர் தொலைவில் இருக்கிறது. அங்கே போகும் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று தோண்டினார்கள். தோண்டியவர்கள் போய்விட்டார்கள், பள்ளங்கள் தங்கிவிட்டன. போன முறை அக்கா பேருந்தில் போய்வந்ததில் முதுகெலும்பில் ஒரு தட்டு நகர்ந்து படுத்த படுக்கையானாள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் மருத்துவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: குலுங்கக் கூடாது. வாடகைக் காருக்குக் கேட்டால் அந்தச் சாலையின் பேரைச் சொன்னதுமே போனை வைத்துவிடுகிறார்கள். மாமாவின் பிக்கப் ஒருமுறை போனபோது அதன் வயிறு கல்லில் இடித்து, எண்ணெய் ஒழுகி நடுவழியில் நின்றது. மகள் இப்போது நிறைமாதம். அவளால் இங்கே வர முடியாது. பிரசவத்தின்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. இருந்தே தீர வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம்.

ஆகவே வண்டியைத் தூக்கினார்கள். பெரிய டயர்கள் போட்டார்கள். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தபோது, யாரோ அதை அதட்டி எழுப்பி நிறுத்தியதுபோல் இருந்தது. அக்கா ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி வேண்டியிருந்தது.

முதல் சவாரி தெருமுனைச் சாக்கடை மூடியோடு முடிந்தது. அதன்மேல் ஏறி இறங்கியதும் அக்கா, "நிறுத்துங்க" என்றாள். முக்காலி வீட்டிலேயே இருந்ததால் இறங்க முடியவில்லை. மூலை வீட்டுக்காரர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். இறங்கியவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மாமா வண்டியைப் பின்னாலேயே ஊர விட்டபடி வந்தார்.

"ஏறும்மா. மெதுவாப் போறேன்."

"மெதுவா இடிச்சாலும் உரல் உரல்தாங்க. நீங்க போங்க, நான் வர்றேன்."

சவாரியை மென்மையாக்கும் முயற்சி அப்படி ஆரம்பமானது. அதில் மாமா காட்டிய உழைப்பைக் குறைசொல்ல முடியாது. உழைப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லலாம்.

முதலில் டயர்க் கடைக்காரர் அழுத்தமானியை வைத்துப் பார்த்துவிட்டு மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். "யாருண்ணே இவ்ளோ காத்து அடிச்சது?"

"டயர்லயே எழுதியிருக்கே."

"அது டயர் தாங்கற உச்ச அளவு. நிரப்பற அளவு இல்ல. உங்க வண்டி காலியாத்தானே ஓடுது? வெடிச்சா என்னைச் சொல்லாதீங்க."

வெடிக்கும் என்ற சொல் மாமாவிடம் வேலை செய்தது. காற்றை இறக்க விட்டார். அன்று அக்காவால் சாக்கடை மூடியைத் தாண்டி மருந்துக்கடை வரை போக முடிந்தது. அதற்குமேல் முடியவில்லை.

அடுத்து ஷாக் அப்சார்பர்கள். வண்டியை உயர்த்தியவர்கள் பழைய குட்டையானவற்றையே விட்டுவைத்திருந்தார்கள். வண்டி உயர்ந்ததும் அவை முழுதாக நீண்டு, இனி நீள இடமில்லாமல் நின்றன. ஒரு மெக்கானிக் நீளமானவற்றைப் பொருத்தினார். மாமா மாலையில் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"மிதந்துகிட்டு வந்துச்சும்மா. மருந்துக்கடை பள்ளம் வந்ததே தெரியல."

மறுநாள் காலை அக்கா முக்காலியில் ஏறி, வண்டியில் ஏறி, மருந்துக்கடைப் பள்ளத்தில் தெரிந்துகொண்டாள்.

"யாருங்க மிதந்தது?"

"நேத்து மிதந்துச்சு."

"நேத்து மிதந்ததுல நான் இன்னைக்கு எப்படிங்க போறது?"

பிறகு வில்பட்டைக் கடை. பின்சக்கரங்களைத் தாங்கும் நீண்ட இரும்புப் பட்டைகளில் ஒன்று தேவைக்கு மேல் விறைப்பானது என்று எடுத்தார்கள். பட்டைகளின் இரு முனைகளிலும் இருக்கும் வளையங்களில் அதிர்வைத் தாங்கும் பழைய ரப்பர் புஷ்களைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட்டார்கள். மாலையில் வண்டி மிதந்தது. காலையில் இடித்தது. மாமா திரும்பப் போனார். பட்டைக் கடைக்காரர் எல்லாவற்றையும் சரிபார்த்து அனுப்பினார். மாலையில் மிதந்தது. காலையில் இடித்தது.

இதற்கிடையில் மகள் தினமும் போன் செய்தாள். "அம்மா எப்ப வர்றீங்க?" என்றால், "வண்டி ரெடியாயிட்டிருக்குடா" என்பாள் அக்கா. "என்ன வண்டிம்மா, புதுசா செய்யறாங்களா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டு அவள் அழுதாளாம். அக்காவின் பெட்டி கதவோரம் கட்டிவைக்கப்பட்டிருந்தது. கட்டியவர் மாமா. முதுகுக்கான மாத்திரைகள் அதற்குள் இருந்தன. கயிற்றை அவிழ்க்க யாராலும் முடியாமல் புது மாத்திரை வாங்கினார்கள்.

அக்கா எனக்குப் போன் செய்தாள். "டேய், அந்தப் பட்டைக் கடைக்காரன் இவரை ஏமாத்தறான். நீ கூடப் போ."

"எனக்கு வண்டியைப் பத்தி என்னக்கா தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். மொறைச்சுப் பாத்துகிட்டு நில்லு. உனக்குத்தான் அந்த முகம் இருக்கே."

போனேன். நின்றேன். பட்டைக் கடைக்காரர் என் முகத்துக்கு அஞ்சியதாகத் தெரியவில்லை. கையில் இருந்த மற்ற வேலைகளுக்கு நடுவே மறுபடி அந்த வண்டியைப் பார்த்ததில் அவருக்கும் சலிப்புதான். வண்டியைக் குழிமேல் நிறுத்தி, கீழே இறங்கி, எல்லா நட்டுகளையும் தளர்த்தி மீண்டும் முறுக்கினார். முடிந்ததும் ஒரு சின்னத் தூரிகையால் ஒவ்வொரு நட்டின் மேலும், அதை ஒட்டிய சட்டத்தின் மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு இழுத்தார்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"சும்மாதான் சார். எனக்கு ஒரு சந்தேகம்."

திரும்பும் வழியில் நானும் வண்டியில் இருந்தேன். மிதந்தது என்று சொல்லமாட்டேன். மாமாவின் பேச்சில் வருவதுபோன்ற வண்டி உலகத்தில் இல்லை. ஆனால் மருந்துக்கடைப் பள்ளத்தில் என் பற்கள் ஒன்றோடொன்று மோதவில்லை. "பாத்தியா மாப்ள?" என்றார் மாமா. பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை அக்காவின் போன். "நீயும் அவரோட சேந்துட்டியாடா? மொறைக்கச் சொன்னா, போய்க் கூட்டுச் சேந்துட்டு வந்திருக்க."

"இல்லக்கா, நல்லாத்தான் இருந்துச்சு. நான் உக்காந்து வந்தேன்."

"நானும் இப்பத்தான் உக்காந்து வந்தேன். என் முதுகு பொய் சொல்லுதா?"

அவள் குரலில் கோபம் குறைவாகவும் வேறு ஏதோ அதிகமாகவும் இருந்தது. நாள் நெருங்கிவிட்டது என்று டாக்டர் மகளிடம் சொல்லியிருந்தாராம். நான் உடனே போய் மாமாவை வண்டியோடு பட்டைக் கடைக்கு இழுத்துப் போனேன். வழியெல்லாம் வண்டி எங்களை எடுத்து எடுத்து எறிந்தது. நேற்று வந்த அதே வண்டி. மாமா என்னைப் பார்க்கவில்லை.

பட்டைக் கடைக்காரர் டார்ச்சோடு குழிக்குள் இறங்கினார். பிறகு, "சார், இங்க வாங்க" என்றார்.

இறங்கிப் பார்த்தேன். மஞ்சள் கோடுகள் உடைந்திருந்தன. சட்டத்தில் இருந்த பாதி ஓரிடத்தில் நின்றது. நட்டின் மேல் இருந்த பாதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றுகூடச் சேரவில்லை.

பட்டைக் கடைக்காரர் குழிக்குள் இருந்தபடியே தலையை உயர்த்திக் கேட்டார். "அண்ணே, இதுல யார் கைவெச்சது?"

"நான்தான்" என்றார் மாமா. பல் தேய்த்தீர்களா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

"எப்ப?"

"நேத்து வீட்டுக்குப் போனதும்."

"அதுக்கு முன்னாடி?"

"ஒவ்வொரு தடவையும்தான். கடைக்காரங்க முறுக்கினதை அப்படியே நம்பி ஓட்ட முடியுமா? ஜாக்கி போட்டுத் தூக்கி, லூஸ் பண்ணி, மரையைத் துடைச்சு, திரும்ப டைட் பண்ணிட்டுத்தான் தூங்குவேன்."

"தூக்கிட்டா? சக்கரம் தொங்கும்போதா?"

"பின்ன? அடியில நிம்மதியாப் படுக்க வேணாமா?"

பட்டைக் கடைக்காரர் டார்ச்சை அணைத்தார். குழியின் சுவரில் சாய்ந்து நின்றார். நானும் நின்றேன். எனக்கு நினைவு வந்தது: ஒவ்வொரு மாலையும் வாசலில், எல்லோர் கண் முன்னாலும்தான் அது நடந்திருக்கிறது. வண்டிக்கு அடியிலிருந்து நீண்டிருந்த அவருடைய கால்களைத் தாண்டி அக்கா துணி உலர்த்தப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அவர் மறைக்கவில்லை. எதையாவது முறுக்கிக்கொண்டிருப்பது அவருடைய இருப்பாகவே ஆகிவிட்டதால் எங்களில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

பட்டைக் கடைக்காரர் மேலே ஏறி வந்து, தன் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்துக் காட்டினார். "இங்க பாருங்கண்ணே. கையை நேராத் தூக்கச் சொல்லி வெச்சு, அப்படியே ஒருத்தன் தோள்ல தையல் போட்டா என்ன ஆகும்? கையை இறக்கும்போது துணி இழுக்கும்ல? அந்த மாதிரிதான். சக்கரம் தொங்கும்போது நட்டை முறுக்கினா ரப்பர் அந்த நிலையிலயே பிடிச்சுக்கும். வண்டியைத் தரையில இறக்கினதும் பட்டை அமுங்கும், ரப்பர் முறுக்கிக்கும். ஓடறதுக்கு முன்னாடியே அது முறுக்கிகிட்டு நிக்குது. அப்புறம் பள்ளம் வந்தா எங்க போகும்? உங்க வீட்டம்மா முதுகுக்குத்தான் போகும்."

"டைட்டா இருக்கறது தப்பா?"

"டைட்டா இருக்கறது தப்பில்ல. பாரம் தாங்கி நிக்கும்போது டைட் பண்ணணும். நான் அப்படித்தான் பண்ணி அனுப்பறேன். நீங்க வீட்டுல போய் அழிச்சு எழுதறீங்க."

மாமா யோசித்தார். "அப்ப நான்தான் கெடுத்தேங்கறியா?"

"நான் சொல்லலண்ணே. பெயின்ட் சொல்லுது."

புஷ்களில் இரண்டு கிழிந்திருந்தன. அவற்றை மாற்றினார். ஆனால் நட்டுகளை முறுக்க மறுத்துவிட்டார். "நான் முறுக்கினா இவர் போய்ப் பிரிப்பார். இவரே முறுக்கட்டும். என் கண் முன்னாடி, என் ஸ்பேனர்ல. யார் உக்காந்து போகணுமோ அவங்களைக் கூட்டிட்டு வாங்க. என்ன சாமான் ஏத்தணுமோ ஏத்துங்க."

கடைக்கும் வீட்டுக்கும் நடக்கிற தூரம்தான். நான் போய் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. கரண்டிக் கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியை எடுக்கச் சொன்னாள், முக்காலியை எடுக்கச் சொன்னாள், வீட்டைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தாள்.

கடையில் வண்டி குழிமேல், நான்கு சக்கரங்களும் தரையில் ஊன்றியபடி நின்றது. பெட்டியைப் பின்னால் ஏற்றினோம். அக்கா முக்காலியில் ஏறி இருக்கையில் உட்கார்ந்தாள். மாமாவைப் பார்த்து முதல் வார்த்தையாகச் சொன்னாள்: "அந்தப் பைப்பைக் கொடுங்க."

"எந்தப் பைப்பு?"

"சீட்டுக்குப் பின்னாடி இருக்கறது."

அவர் எடுத்துக் கொடுத்தார். அதை அவள் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

பட்டைக் கடைக்காரர் ஒரு நீண்ட ஸ்பேனரை மாமாவிடம் நீட்டினார். "அளவு வெச்சிருக்கேன். போதும்னா 'டிக்'குனு சத்தம் வரும். நிறுத்திடணும்."

மாமா குழிக்குள் இறங்கினார். ஒவ்வொரு நட்டாக முறுக்கினார். டிக். நகர்ந்தார். டிக். நாங்கள் மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசி நட்டும் டிக் என்றது. ஆனால் அவர் மேலே வரவில்லை.

"ஆச்சாங்க?" என்றாள் அக்கா, வண்டிக்குள்ளிருந்து.

"ஆச்சு."

"அப்ப வாங்க."

குனிந்து பார்த்தேன். ஸ்பேனர் நட்டின் மேலேயே இருந்தது. அவருடைய கை ஸ்பேனரின் மேல் இருந்தது.

"ஏம்மா, லேசா ஒரு—"

"நான் இறங்கிடட்டுமா?"

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. முக்காலியைத் தேடி ஒரு காலை வெளியே நீட்டினாள், அவ்வளவுதான். குழிக்குள்ளிருந்து பார்த்தால் அந்தப் பாதம் தெரியும். மாமா அதைப் பார்த்தார். நட்டைப் பார்த்தார். பிறகு சுட்டுவிட்டதுபோல் ஸ்பேனரிலிருந்து கையை எடுத்தார்.

மேலே வந்தபோது அவர் முகம், அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று தெரியாமல் ஊருக்குக் கிளம்பியவரின் முகமாக இருந்தது. பட்டைக் கடைக்காரர் இறங்கி எல்லாவற்றிலும் புதிதாக மஞ்சள் கோடு இழுத்தார்.

"வீட்டுக்குப் போய்ட்டு, காலையில கிளம்பலாமா?" என்றார் மாமா.

"வீட்டுக்கு வேணாம். இப்படியே போங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். வண்டி கடையை விட்டு இறங்கி, தெருவின் முதல் மேட்டில் ஏறி இறங்கியது. அக்காவின் தலை லேசாக ஆடியது. கை வெளியே வரவில்லை. 'நிறுத்துங்க' என்ற குரலும் வரவில்லை.

மாலையில் போன் வந்தது. "வந்து சேந்துட்டோம்டா."

"முதுகு?"

"இருக்கு. வலிக்குது, ஆனா இருக்கு. பள்ளமெல்லாம் தெரியத்தான் செஞ்சுச்சு. உக்கார முடிஞ்சுது, அவ்ளோதான்." பின்னால் மகளின் குரல் ஏதோ கேட்டது, சிரிப்புச் சத்தம். "வழியில டீ குடிக்கக்கூட இவரை இறங்கவிடல. இறங்கினா நேரா அடியில போயிடுவார். ஜன்னல் வழியா வாங்கிக் குடிச்சோம்."

"பைப்?"

"என் தலகாணிக்கு அடியில இருக்கு."

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தாள். நான் அப்போது அவர்கள் வீட்டுத் தோட்டத்தில்தான் நின்றிருந்தேன். "அக்கா, தோட்டத்துக் குழாயைத் திறக்க முடியலையே."

"சமையலறையில ரெஞ்ச் இருக்கு."

"அதை வெச்சுத்தான் பாத்துகிட்டிருக்கேன்."

"அப்ப அந்தப் பைப்பை அதுல செருகி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் மாமா, "என்னவாம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க" என்றாள் அவரிடம். என்னிடம், "பக்கத்து வீட்டுல ஒரு வாளி கேளு. நாங்க வர நாளாகும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினேன். போகும்போதும் வரும்போதும் அந்தக் குழாயைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.